அப்பாயி சொன்ன தைல வாசம்

கோத்தகிரிக்கு யார் வந்தாலும், சொந்தக்காரர்களோ, கூடப் படித்தவர்களோ, அவர்களோடு ஒட்டிக்கொண்டு வருகிறவர்களோ, பஸ்ஸை விட்டு இறங்கி ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு முதலில் கேட்பது ஒன்றுதான். "இங்க நல்ல டீ எங்க கிடைக்கும்?" இந்தக் கேள்வி வந்தாலே எனக்குக் கூச்சமாகிவிடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் தேயிலைதான், ஆனால் பஸ் ஸ்டாண்டு கடையில் நான் வாங்கிக் கொடுக்கிற டீ அவர்கள் ஈரோட்டிலும் திருப்பூரிலும் குடித்துவிட்டு வந்த அதே டீ. டஸ்ட் தூளைத் துணிப்பையில் கொட்டி, கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, இறங்குகிற டிகாஷனில் பாலும் சர்க்கரையும் சேர்த்து உயரத் தூக்கி ஆற்றிக் கொடுப்பது. கெட்ட டீ என்று சொல்லவில்லை. காலை ஆறு மணிக் குளிரில் அதற்கு ஈடு கிடையாது, கூட ரெண்டு வர்க்கி இருந்தால் மத்தியானம் வரைக்கும் ஓடும். ஆனால் அந்தக் கிளாஸில் நீலகிரி எங்கே இருக்கிறது என்று கேட்டால் என்னால் காட்ட முடியாது.

பாலை எடுத்துவிட்டால்தான் ஊர் தெரியும். அதனால் இங்கே எழுதப் போவது பால் இல்லாத டீயைப் பற்றி. எங்கள் அம்மா மேட்டுப்பாளையத்துக்காரர், அதை வரடீ என்பார். பக்கத்துக் கடைச் சேட்டனுக்கு அது கட்டன். அப்பாயிக்கு எப்போதும் பிளேன்டி. சீனாக்காரர்கள் இதையே சிவப்பு டீ என்கிறார்கள், கோப்பையில் இறங்கிய சாயத்தைப் பார்த்து அவர்கள் பெயர் வைத்தார்கள், வெள்ளைக்காரர்கள் பெட்டியில் காய்ந்து கிடந்த இலையைப் பார்த்துக் கறுப்பு என்று வைத்துவிட்டார்கள். எனக்குச் சீனாக்காரர் கணக்குதான் சரியென்று படுகிறது. நல்ல டீயைக் கண்ணாடி கிளாஸில் ஊற்றி வெயிலில் ஒரு தடவை தூக்கிப் பிடித்துப் பாருங்கள்.

அப்பாயி பிறந்தது இலங்கையில், ஊவா மாகாணத்தில், பண்டாரவளைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். 1964 அக்டோபர் 30-ஆம் தேதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம்ம பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில், அங்கிருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது என்று எழுதினார்களே, அந்தக் கணக்கில் அப்பாயியும் ஒரு எண். தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கொஞ்ச நாள் கிடந்து, கடைசியில் நடுவட்டத்தில் டான்டீ என்கிற அரசாங்கத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. இப்படித் தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-இல் அரசாங்கமே இங்கே தேயிலை போட ஆரம்பித்தது. அங்கேயும் கொழுந்து, இங்கேயும் கொழுந்து. இப்போது முதுகு வளைந்து, விரல் நுனியெல்லாம் காய்த்துப்போய், எங்களோடு கோத்தகிரியில் இருக்கிறது.

சின்ன வயதிலிருந்து அப்பாயி ஒரு விஷயத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும். "இதெல்லாம் ஒரு டீயாடா? எங்க ஊர்ல கச்சான் காத்து வீசுற மாசத்துல பாக்கணும். தேயிலையில தைல வாசம் அடிக்கும். பாக்டரி பக்கம் போனாலே மூக்கு தொறந்துக்கும்."

நான் இதை நம்பியதே இல்லை. முதலாவது, கச்சான் என்றால் இலங்கையில் வேர்க்கடலை என்று யாரோ சொல்லியிருந்தார்கள், கடலைக் காற்று என்று ஒன்று இருக்கவா போகிறது என்று சிரித்திருக்கிறேன். இரண்டாவது, அப்பாயி எந்நேரமும் முட்டியில் வலித் தைலம் தடவிக்கொண்டிருக்கும். எதைக் குடித்தாலும் தைல வாசம் வராமல் என்ன செய்யும்?

அப்புறம் எனக்குக் குன்னூரில் ஒரு தேயிலை புரோக்கர் ஆபீஸில் கிளார்க் வேலை கிடைத்தது. நாலு வருஷம் இருந்தேன். ஏலத்துக்கு வருகிற தூளின் மாதிரிப் பொட்டலங்களுக்குச் சீட்டு ஒட்டுவது, ரிஜிஸ்டரில் ஏற்றுவது, இதுதான் என் வேலை. ஆனால் ருசி பார்க்கும் அறை பக்கத்திலேயே இருந்தது. நீளமான மேடையில் வரிசையாக வெள்ளைக் கோப்பைகள், ஒவ்வொன்றிலும் 2.8 கிராம் தூள், கொதிநீர், ஐந்து நிமிஷம் மூடி வைத்து வடிப்பது. அதென்ன 2.8 என்று கேட்டதற்கு, அந்தக் காலத்து ஆறு பென்னி வெள்ளிக்காசின் எடை அது, தராசின் மறுதட்டில் காசைப் போட்டு நிறுத்துப் பழகியது அப்படியே நின்றுவிட்டது என்றார் அங்கிருந்த பெரியவர். அவர் ஒரு கரண்டி அள்ளி, பக்கத்துத் தெருவுக்குக் கேட்கிற மாதிரி சர்ரென்று உறிஞ்சி, நாக்கில் ஒரு சுற்று சுழற்றி, தொட்டியில் துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்குப் போய்விடுவார், ஒரு காலைக்குள் இருநூறு கோப்பை முடியும். அவர் போனதும் மிச்சம் இருப்பதை நான் குடிப்பேன். துப்பமாட்டேன். அந்த நாலு வருஷம் நான் சரியாகத் தூங்கவில்லை என்பது வேறு விஷயம்.

செடி உலகம் முழுக்க ஒன்றுதான். சீனத்துச் சின்ன இலை ஒரு வகை, அஸ்ஸாமின் பெரிய இலை இன்னொரு வகை, ரெண்டையும் கலந்து எடுத்த ஒட்டுகள் எத்தனையோ. கிரீன் டீக்கு ஒரு செடி, கறுப்பு டீக்கு ஒரு செடி என்று இல்லை. பறித்த கொழுந்தை ராத்திரி முழுக்க வாட்டி, மறுநாள் உருட்டிக் கசக்கினால் இலைக்குள் இருக்கும் சாறு காற்றில் படும், பட்டதும் வாழைக்காயை நறுக்கி வைத்தால் கறுக்கிற மாதிரி இலை செம்பு நிறத்துக்கு மாறும். பாக்டரியில் இதை ஃபெர்மென்டேஷன் என்பார்கள், ஆனால் இட்லி மாவு மாதிரி எதுவும் புளிப்பதில்லை, காற்று படுவதுதான் எல்லாம். எந்த நிமிஷத்தில் டிரையருக்குள் தள்ளுகிறோம் என்பதில்தான் கைத்திறன். கொஞ்சம் முன்னால் தள்ளினால் பச்சை வாடை, பின்னால் தள்ளினால் சாயம் கறுத்துச் சப்பென்று போய்விடும். நாலு நாலரை கிலோ பச்சை இலைக்கு ஒரு கிலோ தூள் வரும்.

உருட்டுவதில் ரெண்டு வழி. இலையை முழுசாக முறுக்கி எடுப்பது ஆர்த்தடாக்ஸ். பல் வைத்த உருளைகளுக்கு நடுவில் விட்டு நசுக்கிக் கிழித்துக் குருணையாக்குவது சி.டி.சி. அந்த மெஷினை அஸ்ஸாமில் மெக்கர்ச்சர் என்ற தோட்டக்காரர் 1930 வாக்கில் கொண்டு வந்தார். குருணையானால் சாயம் சீக்கிரம் இறங்கும், ஒரு கிலோவில் நிறையக் கிளாஸ் தேறும், பால் எவ்வளவு ஊற்றினாலும் தாங்கும். டீக்கடைக்காரருக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் நசுக்குகிற வேகத்தில் ஊர் வாசமும் பெரும்பாலும் போய்விடும். எங்கள் ஏலத்துக்கு வந்ததில் பெரும்பங்கு சி.டி.சி.தான். முழு இலையாக வருகிற மாதிரிப் பொட்டலம் கொஞ்சம்தான், அது வருகிற நாளில் அந்த அறையின் வாசமே வேறாக இருக்கும்.

சரி, நம்ம ஊருக்கு வருகிறேன். நீலகிரியில் தேயிலையை முதலில் நட்டுப் பார்த்தது 1830-களில், கேத்தியில். அப்புறம்தான் தோட்டங்கள் வந்தன. நடுவட்டத்தில் ஒரு பழைய ஜெயில் இருக்கிறது, சீனக் கைதிகளைக் கொண்டு வந்து அடைத்து, மலேரியா மருந்துக்குப் பட்டை எடுக்கிற சின்கோனா மரக் காட்டில் வேலை வாங்கிய இடம். அவர்கள்தான் இங்கிருந்தவர்களுக்கு டீ செய்யக் கற்றுக்கொடுத்தார்கள் என்று ஊரில் ஒரு கதை உண்டு. கதை எவ்வளவு நிஜமோ, அப்பாயி அந்த ஜெயில் சுவரைத் தாண்டித்தான் தினமும் கொழுந்து எடுக்கப் போனது.

நீலகிரி டீ என்று ஒரே ருசியாகச் சொல்வது வெளியூர்க்காரர் பேச்சு. மலைக்கு ரெண்டு முகம். கூடலூர், நடுவட்டம், குந்தா பக்கம் தென்மேற்கு மழை ஆனியிலிருந்து அடித்து ஊற்றும். கோத்தகிரி, குன்னூர் பக்கம் ஐப்பசி கார்த்திகைதான் பெரிய மழை. மழை நாளில் கொழுந்து மளமளவென்று வளரும், கூடை நிறையும், கோப்பையில் ஒன்றும் இருக்காது. தண்ணீரில் வளர்ந்த கீரை மாதிரி. நல்ல டீ வருவது மார்கழியிலிருந்து மாசி வரைக்கும். ராத்திரி கடும் குளிர், பகலில் சுள்ளென்று வெயில், காற்றில் ஈரமே இல்லை. செடி பயந்துபோன மாதிரி மெதுவாக வளரும், கொழுந்து சின்னதாக, கெட்டியாக இருக்கும், வளர்ச்சிக்குப் போகவேண்டியதெல்லாம் வாசத்தில் சேரும்.

இதை வெளிநாட்டில் ஃப்ராஸ்ட் டீ, அதாவது பனி டீ என்று விற்கிறார்கள். பெயரைப் பார்த்துப் பனி விழுந்த இலையில் போட்டது என்று நினைத்துவிடக் கூடாது. தலைகுந்தா பள்ளத்தில் உறைபனி விழுந்த மறுநாள் போய்ப் பாருங்கள், செடி கொதிநீர் ஊற்றினது போலக் கருகிக் கிடக்கும். அதில் டீ இல்லை, நஷ்டம்தான் இருக்கிறது. பனி தொட்டும் தொடாமலும் விட்ட சரிவுகளில், அந்தக் குளிரைத் தாங்கி வந்த கொழுந்துதான் பனி டீ. சி.ஆர். 6017 என்று ஒரு ஒட்டு இருக்கிறது, க்ரெய்க்மோர் தோட்டத்தில் தேர்ந்தெடுத்தது, தை மாதத்தில் அதில் ஆர்த்தடாக்ஸ் போட்டால் மல்லிகையைப் பக்கத்து அறையில் வைத்த மாதிரி இருக்கும். மூக்குக்கு நேராக இல்லை, பக்கத்து அறையில். முதல் தடவை அதைக் குடித்தபோது, முப்பது வருஷமாக இந்த மலையில் இருந்துகொண்டு இதைக் குடிக்காமல் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று எனக்கே கோபம் வந்தது.

குடிக்காததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அந்த மாதிரி டீ செய்ய இரண்டு இலை ஒரு மொட்டு என்று விரலால் கிள்ள வேண்டும். எங்கள் ஊரில் ஹட்டிகளில், அதாவது படுகர் கிராமங்களில் இருக்கிற சின்ன விவசாயிகள் கத்தரியால் வெட்டுகிறார்கள், இப்போது மெஷினும் வந்துவிட்டது. கிள்ள ஆளும் இல்லை, ஆளுக்குக் கொடுக்கக் கட்டுப்படியாகவும் இல்லை. பச்சை இலைக்கு விலை கேட்டு அவர்கள் எத்தனையோ வருஷமாக உண்ணாவிரதம் இருந்து பார்த்துவிட்டார்கள். முத்தின இலையும் காம்பும் சேர்த்து வெட்டிப் போட்டால் பாக்டரி டஸ்ட்தான் போடும், டஸ்ட் போட்டால் விலை கிடைக்காது, விலை கிடைக்காததால் கத்தரி. யாரைக் குறை சொல்வது?

அஸ்ஸாம் டீக்கும் எங்கள் டீக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஒரு ராத்திரி செய்து பாருங்கள். ரெண்டையும் ஒரே அளவில், கெட்டியாகப் போட்டு, ரெண்டு கண்ணாடி கிளாஸில் ஊற்றி ஆறவிட்டு ஜன்னலில் வையுங்கள் (கோயம்புத்தூரில் இருப்பவர்கள் ஃப்ரிட்ஜில் வையுங்கள், உங்கள் ஜன்னல் உதவாது). காலையில் அஸ்ஸாம் கிளாஸ் சேற்றுத் தண்ணீர் மாதிரி கலங்கியிருக்கும். நீலகிரி கிளாஸ் அப்படியே தெளிவாக, தேன் நிறத்தில் நிற்கும். கெட்டுப்போனதென்று நினைத்து அஸ்ஸாமைக் கொட்டிவிடாதீர்கள், அந்தக் கலங்கல்தான் அதன் பலம். சாயத்தில் இருக்கும் பொருள்களும் கஃபீனும் சூட்டில் கரைந்திருந்து, ஆறும்போது ஒன்றோடொன்று கட்டிக்கொண்டு திரிகிறது. புரோக்கர் ஆபீஸில் க்ரீம் விழுகிறது என்பார்கள், பாராட்டாகத்தான் சொல்வார்கள். பிரம்மபுத்திரா கரையின் வண்டல் மண், வெக்கை, வெள்ளமாக மழை, பெரிய இலை, எல்லாம் சேர்ந்து கம்பைச் சுட்டு மாவாக்கினது போல ஒரு அடர்த்தியான ருசி. வைகாசி ஆனியில் வருகிற இரண்டாவது பறிப்பு இன்னும் கனமாக, நடுவில் தங்க நிறத்துத் துளிர்கள் மின்ன வரும். பாலுக்கென்றே பிறந்த டீ அது, வரடீயாகக் குடித்தால் எனக்கு நெஞ்சைப் பிடிக்கிறது. எங்கள் டீ கலங்காததால் ஐஸ் டீ செய்கிற நாட்டுக்காரர்கள் அதைத் தேடி வாங்குகிறார்கள். குளிரில் விளைந்ததை ஐஸ் போட்டுக் குடிக்கிறார்கள், நாம் அதற்குப் பால் ஊற்றுகிறோம்.

கென்யா டீயும் அலுவலகத்தில் சில தடவை வந்தது. பூமத்திய ரேகைக்குப் பக்கம், வருஷம் முழுக்க ஒரே மாதிரி பறிப்பு, செக்கச்செவேலென்ற சாயம், சுறுசுறுப்பான துவர்ப்பு. கறுப்பு டீ ஏற்றுமதியில் உலகத்திலேயே முதல் ஆள் அவர்கள்தான். எனக்கு அதில் பெரிய கதை எதுவும் கிடைக்கவில்லை.

டார்ஜிலிங்கில் நான் அவமானப்பட்டேன். சம்பளம் வந்த குஷியில் ஆன்லைனில் ஒரு கடையில் முதல் பறிப்பு டார்ஜிலிங் நூறு கிராம் வாங்கி, பாக்கெட்டைப் பிரித்தால் இலை பச்சையும் பழுப்புமாக இருக்கிறது. ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்து, கொடுத்த காசுக்குச் சாயமாவது இறங்கட்டும் என்று பாத்திரத்தில் போட்டு ஐந்து நிமிஷம் கொதிக்கவிட்டு, பாலையும் ஊற்றினேன். வேப்பிலைக் கஷாயத்தில் பால் ஊற்றிய மாதிரி இருந்தது. மறுநாள் ஆபீஸில் பெரியவரிடம் சொன்னேன், அவர் தலையில் அடித்துக்கொண்டார். மாசி பங்குனியில் எடுக்கும் முதல் பறிப்பை அங்கே ரொம்ப வறட்டி வாட்டுவார்கள், இலை முழுசாகச் செம்பு நிறத்துக்குப் போகாது, பச்சை இருப்பதுதான் லட்சணம், கொதி அடங்கின தண்ணீரில் மூணு நிமிஷம், அவ்வளவுதான். மிச்சம் இருந்ததை அப்படிப் போட்டுப் பார்த்தேன். அப்போதும் ஒன்றும் இல்லை. பாக்கெட்டின் தேதியைப் பார்த்தால் ரெண்டு வருஷத்துக்கு முந்தின சரக்கு, அதுவும் ஒட்டு சரியாக இல்லாத பாக்கெட். டீத்தூளுக்குக் காற்றைப் போல எதிரி கிடையாது, வாசம் முழுக்கப் போய்விட்டிருந்தது.

அப்புறம் பெரியவரே கொஞ்சம் இரண்டாவது பறிப்பு கொடுத்தார். அதற்குத்தான் அந்த மலைக்கு இவ்வளவு பேர். 87 தோட்டங்கள், பெரும்பாலும் பழைய சீனச் செடி, இந்தியாவிலேயே முதலில் புவிசார் குறியீடு வாங்கினதும் அந்த டீதான், 2004-இல். நன்றாகப் பழுத்த பன்னீர் திராட்சையைத் தோலோடு மென்ற மாதிரி ஒரு வாசம். அது எப்படி வருகிறதென்று கேட்டால் சிரிப்பீர்கள், பூச்சி கடித்து வருகிறது. வைகாசி ஆனியில் தத்துப்பூச்சியும் இலைப்பேனும் கொழுந்தில் சாறு உறிஞ்சும். செடி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சில பொருள்களைச் சுரக்கும், இலை சுருண்டு வளராமல் நின்றுவிடும். அந்தச் சுருண்ட இலையைப் பறித்துப் போடுவதுதான் விலை உயர்ந்த டீ. இங்கே பூச்சி விழுந்தால் மருந்தடிக்க ஓடுகிறோம். அங்கே பூச்சி வரவில்லையென்றால் கவலைப்படுகிறார்கள்.

சீனாவைப் பற்றி எழுத எனக்குத் தகுதி குறைவு, குடித்தது ரெண்டே ரெண்டு. யுன்னான் டீ, தங்க நிறத்து மொட்டுகளாக, வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கின் வாசத்தோடு, குழந்தைக்குக் கூடக் கொடுக்கலாம் போல அவ்வளவு சாது. இன்னொன்று ஃபூஜியான் மாகாணத்து வூயி மலையின் லாப்சாங் சூசாங், பைன் விறகுப் புகையில் வாட்டிக் காயவைப்பது. வீட்டுக்கு எடுத்துப் போய்ப் போட்டேன். அம்மா அடுப்படியிலிருந்து, "என்னடா, வெந்நீர் அடுப்புல டீ வச்சிட்டியா?" என்று கத்தினார். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. சிலருக்கு உயிர், எனக்கு ஆகவில்லை.

இலங்கை டீ மட்டும் அந்த வேலையில் இருந்த வரைக்கும் கைக்கு வரவில்லை. ஆனால் ஆபீஸில் பெரியவர் வாயால் அதன் வரைபடத்தையே கேட்டிருக்கிறேன். அந்தச் சின்னத் தீவில் காப்பிச் செடியைத் துரு நோய் தின்ன வந்த காலத்தில், 1867-இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்டார். இப்போது அங்கே உயரத்தை வைத்தே டீயைப் பிரிக்கிறார்கள், 2,000 அடிக்குக் கீழே ஒன்று, 4,000 வரைக்கும் ஒன்று, அதற்கு மேலே ஒன்று. கீழே ருகுணு பக்கம் கறுகறுவென்று, வெல்லப்பாகு மாதிரி. மேலே நுவரெலியாவில் 6,000 அடியில் வெளிறின சாயம், பூ வாசம், எங்கள் டீக்குச் சித்தி மகள் என்று சொல்லலாம். மேற்குச் சரிவில் திம்புள்ளவுக்குத் தை மாசி நல்ல பருவம். கிழக்குச் சரிவில் ஊவாவுக்கு நேர்மாறாக ஆடி ஆவணி.

ஆடி ஆவணியில் என்ன நடக்கிறது? தென்மேற்குக் காற்று மேற்குச் சரிவில் மழையெல்லாம் கொட்டிவிட்டு, மலை முகட்டைத் தாண்டி, காய்ந்த வெறுங்காற்றாகக் கிழக்கே இறங்குகிறது. ஊவா முழுக்க இரவும் பகலும் அடிக்கிறது. கொழுந்து வாடி, சுருங்கி, செடி தாகத்தில் தவித்து, அந்தத் தவிப்பில் ஏதோ சுரக்கிறது. பெரியவர் இதைச் சொல்லிவிட்டு, "அந்தக் காத்துக்கு அங்க தமிழாளுங்க ஒரு பேரு சொல்லுவாங்க, என்னமோ" என்று நெற்றியைத் தேய்த்தார்.

"கச்சான்" என்றேன் நான்.

"ஆங், கச்சான். உனக்கு எப்படிப்பா தெரியும்?"

அன்றைக்கு வேலை ஓடவில்லை. அந்தச் சுரப்பின் பெயரையும் அவரே சொன்னார், மெத்தில் சாலிசிலேட். ஊவா டீயின் வாசத்தில் அதுதான் தூக்கலாக நிற்கும், ருசி பார்க்கிறவர்கள் மென்தால் மாதிரி என்று எழுதுவார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அப்பாயியின் வலித் தைல டப்பாவை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். லேபிளில் முதல் வரியிலேயே இருந்தது அந்தப் பெயர். இன்னும் ஒரு வேடிக்கை, ஊட்டிக் கடைகளில் யூகலிப்டஸ் தைலத்துக்குப் பக்கத்தில் விண்டர்கிரீன் தைலம் என்று ஒரு பாட்டில் வைத்திருப்பார்களே, எங்கள் மலையிலேயே வளரும் ஒரு குத்துச்செடியின் இலையிலிருந்து எடுப்பது, அது கிட்டத்தட்ட முழுக்க முழுக்க இதே மெத்தில் சாலிசிலேட்தான். வாழ்நாள் முழுக்க அந்த வாசத்துக்கு நடுவிலேயே இருந்துகொண்டு, அப்பாயிக்கு மூக்கு சரியில்லை என்று நினைத்திருக்கிறேன்.

போன வருஷம் கூட்டாளி ஒருவன் கொழும்புக்கு வேலையாகப் போனான். வேறு எதுவும் வேண்டாம், ஊவா என்று போட்டிருக்கிற முழு இலை டீ, ஆகஸ்டில் பறித்தது, ஒரே ஒரு பாக்கெட் வாங்கி வா என்று சொல்லி அனுப்பினேன். வாங்கி வந்தான். பாக்கெட்டைக் கத்தரித்ததும் அடுப்படியிலேயே தெரிந்துவிட்டது. தைல டப்பா மாதிரி முகத்தில் அறையவில்லை, மெல்ல, ரோஜாவும் ஈரக் கட்டையும் சேர்ந்த ஒரு வாசத்துக்குக் கீழே குளுகுளுவென்று ஓடியது. தண்ணீர் கொதித்து அடங்கினதும் நாலு நிமிஷம் வைத்து வடித்தேன். செந்நிறம், கிளாஸின் ஓரத்தில் பொன் வளையம்.

அப்பாயி வெயிலுக்குத் திண்ணையில் உட்கார்ந்திருந்தது. கிளாஸைக் கையில் கொடுத்து, எதுவும் சொல்லாமல் நின்றேன். மூக்குப் பக்கம் கொண்டுபோனது. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தது.

"மடுவத்துக்குப் பின்னாடி பாக்டரிக்குப் போற குறுக்குப் பாதை" என்றது.

"இதானே அப்பாயி நீ சொல்லுவ?"

"இதான்." இன்னொரு தடவை முகர்ந்தது. அப்புறம் ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தது. "என்னடா இது, நாக்கைப் பிடிக்குது!"

"உங்க ஊர் டீ அப்பாயி. நீ குடிச்சதுதானே?"

"நான் எங்கடா குடிச்சேன்? வாசம் அடிக்கும்னுதானே சொன்னேன்." கிளாஸைத் திண்ணையில் வைத்தது. "கொழுந்தைக் கொண்டுபோய் மடுவத்துல நிறுக்கக் குடுத்துட்டு நிப்போம்ல, அப்ப பாக்டரியில இருந்து காத்துல வரும். நல்ல தூளெல்லாம் பொட்டியில அடைச்சுக் கொழும்புக்குப் போயிரும். எங்களுக்கு மாசத்துக்கு ஒரு பொட்டலம், அதுல காம்பும் நாரும்தான் கெடக்கும். அதைக் கொதிக்கவச்சு, உள்ளங்கையில சக்கரையை வச்சு நக்கிக்கிட்டே குடிக்கிறது. அதுல என்ன வாசம் வரும்?"

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. இருபத்தஞ்சு வருஷம் தன் கையால் கிள்ளிய இலையின் டீயை அது முதல் தடவையாகக் குடிக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"போய்ப் பாலு கொண்டா. சக்கரையும்."

ஊவா டீயில் பால் ஊற்றுவதா என்று ஒரு நொடி தயங்கினேன், அப்புறம் போய்க் கொண்டு வந்தேன். ஊற்றி, ஆற்றி, வர்க்கியைத் தொட்டுத் தொட்டு முழுக் கிளாஸையும் குடித்து முடித்தது. "இப்ப நல்லாருக்கு" என்றது. கிளாஸை வாங்கிக்கொண்டு நான் உள்ளே போகும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"அந்தப் பாக்கெட்டை டப்பாவுல போட்டு மூடிறாத. எங் கட்டில் பக்கத்துல தொறந்தே வையி."

திறந்து வைத்தால் ரெண்டு மாதம் தாங்காது. அப்பாயியிடம் அதைச் சொல்லவில்லை. பாக்கெட் ஜன்னல் ஓரத்தில் வாயைத் திறந்தபடி இருக்கிறது, கூட்டாளி மறுபடி எப்போது கொழும்புக்குப் போகிறான் என்று கேட்டு வைத்திருக்கிறேன்.